தறிச் சத்தத்தை நான் ஏன் அனுப்பவில்லை

கண்ணு,

நீ கேட்டதை நான் அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாமல் இதைப் படி. நேற்று மத்தியானம் உங்கப்பா போனைத் தூக்கிக்கொண்டு தறிக்குடோனுக்குள் போனார். கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிறவர் மாதிரி ஒவ்வொரு தறிக்கு முன்னாலும் நின்று, போனை மேலே தூக்கி, கீழே இறக்கி, சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தார். "நல்லா வந்திருக்குது. பையனுக்கு அனுப்பிப்போடட்டுமா?" என்று கேட்டார். "இருங்க, நான் அனுப்பறேன்" என்று போனை வாங்கி அலமாரியில் வைத்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை. நீ பெங்களூரில் உட்கார்ந்து வாட்ஸப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொல்லியே வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் அப்படிக் குறுக்கே வர முடியாது.

உன் மகளுக்குக் கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, சில நாள் வாந்தி. எதற்கும் தலையை ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் எடுத்தார்கள். குழந்தை அசைந்துவிட்டாள், படம் கலங்கிப்போய்விட்டது. வரும் வியாழக்கிழமை மறுபடியும் எடுக்கிறார்கள். அன்றைக்கும் அசைந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்லும்போதே உன் குரல் உடைந்துவிட்டது. அப்புறம் நீயே தேறிக்கொண்டு, "சின்ன வயசுல தறிச் சத்தத்தக் கேட்டுத்தானுங்கம்மா நான் ஸ்கேன்ல ஆடாமப் படுத்திருந்தேன்? அப்பா எத்தன தடவ சொல்லியிருக்கறாங்க. அந்தச் சத்தத்த அனுப்பி வெய்ங்க, பாப்பாவுக்கு ஹெட்போன்ல போட்டு உடறோம்" என்றாய். உங்கப்பா எந்தக் கதையைச் சொன்னாலும் தலையை வெட்டி, வாலை வெட்டி, நடுவில் தன் பங்கை மட்டும் பெரிதாக்கித்தான் சொல்லுவார். நடந்தது வேறு. அதை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் நீ வியாழக்கிழமை அந்த ரூமுக்குள் போகக்கூடாது.

நீ தறிச் சத்தத்தில் பிறந்தவன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை. சோமனூரில் நம் வீட்டுச் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடோன். உன்னைப் பெற்று வந்த கொஞ்ச நாளிலேயே குடோன் வாசல் உத்தரத்தில் என் பழைய சேலையைத் தூளியாகக் கட்டி, உன்னைப் போட்டுவிட்டு நான் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம், "ஏனுங்க அம்மணி, இந்தச் சத்தத்துல கொழந்த எப்படிங்க தூங்குது?" என்று மூக்கில் விரலை வைப்பார்கள். நீ தூங்கினாய். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாய். கரண்ட் போனால்தான் வம்பு. தறிகள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து நிற்கும். கடைசித் தறி நிற்பதற்குள் நீ வீறிட ஆரம்பித்துவிடுவாய். ஊரில் கரண்ட் போனதை லைட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், நம் சந்தில் இருக்கிறவர்கள் உன் அழுகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "உன்ற பையனுக்கு ஒரு மீட்டர் மாட்டி உடு" என்று கேலி செய்வாள்.

நடக்கத் தொடங்கியதும் நீ பசி, தண்ணீர், மூக்கில் சளி என்று எதற்காவது என்னைத் தேடிக்கொண்டு வருவாய். ஓடுகிற தறியை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து வர முடியுமா? துணியில் குறுக்கே பட்டை விழுந்துவிடும். வியாபாரி அந்தப் பீஸைத் தூக்கித் தூர வைத்துவிடுவான். அதனால் தறிக்காரி வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லுகிற பேச்சைத்தான் நானும் சொன்னேன்: "தறி நின்னதும் வாரேன் கண்ணு, அதுவரைக்கும் அசையாம உக்காந்திரு." நீ நூல் மூட்டை மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். சத்தம் ஓடுகிற வரைக்கும் உனக்குக் கவலையே கிடையாது. சத்தம் நின்றதோ இல்லையோ, தலை திரும்பிவிடும், நான் எழுந்துவிட்டேனா என்று. நான் வந்து தூக்கிக்கொள்வேன். உன் தலைமுடி முழுக்கப் பஞ்சு படிந்திருக்கும், நான் ஊதி ஊதி எடுப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என் மூக்கில் பஞ்சு வாசமும் உன் தலையின் எண்ணெய் வாசமும் சேர்ந்து வருகின்றன. அப்போது அது கஷ்டமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அப்படி ஒரு சாயங்காலத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருக்கிறது.

உனக்கு ஐந்து வயதில் முதல் வலிப்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தாய். உங்கப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினதை நான் பார்த்தேன். அந்த மனிதர் ஓடி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. மறுபடியும் வந்தது. கோயமுத்தூரில் நரம்பு டாக்டரம்மாவிடம் காட்டினோம். தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியும் என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து எடுப்பார்கள். உனக்கு அதற்கும் வழி இல்லாமல் போனது. பஞ்சுத் தூசியிலேயே வளர்ந்த உனக்கு எப்போதும் சளி, எப்போதும் இளைப்பு. மயக்கம் கொடுக்கிற டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு தெளியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். நெஞ்சு எங்கே தெளிந்தது? ஒன்று போனால் இன்னொன்று. வலிப்பு காத்திருக்கவில்லை. கடைசியில், முழித்த நிலையிலேயே எடுத்துப் பார்க்கலாம், பிள்ளை ஆடாமல் படுத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

ஸ்கேன் எடுத்தவர் பெயர் பஷீர். உக்கடம் பக்கத்து ஆள். உனக்கு அவர் முகம் நினைவிருக்காது. நல்ல உயரம், பேச்சு மட்டும் மெதுவாக வரும். உன் வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றச் சொன்னபோது நீ அழுததும், அவர் தன் மேஜையிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்து உன் இடுப்பில் கட்டிவிட்டு, "இது மெஷினுக்குப் புடிக்கும்டா தங்கம்" என்றார். காதில் பஞ்சு வைத்தார். தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தென்று எதையோ செருகினார். எங்களிடம், "தல நூலளவு ஆடுனாலும் படம் போயிரும்ங்க. கேமரா மாதிரி ஒரு கிளிக்குல முடியறதில்ல இது. கொஞ்ச நேரம் சத்தம் போட்டு எடுக்கும், நிக்கும், மறுபடி எடுக்கும்" என்று விளக்கினார். எல்லாரும் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். நாங்கள் வெளியேறுகிற நேரத்தில் நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து உன் காதோரம், வழக்கமாகச் சொல்லுகிறதைச் சொன்னேன்: "சத்தம் நின்னதும் வாரேன் கண்ணு. அசையாமப் படுத்திரு."

படம் கலங்கிவிட்டது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார்கள். ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு நெழல் தெரியுது. பையன் ஆடுனதுனால வந்ததா, உள்ள நெஜமாவே ஏதாச்சும் இருக்குதான்னு இத வெச்சு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார்கள். கண்ணு, ஒரு தாய்க்கு அதைவிடக் கொடுமையான பேச்சு கிடையாது. இருக்கிறது என்றால் அழலாம், இல்லை என்றால் சாமிக்குத் தேங்காய் உடைக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சோறு பொங்கிப் பார், அப்போது தெரியும். அந்த நிழல் எனக்குத் துணியில் தெரிந்தது, தோசைக்கல்லில் தெரிந்தது, நீ தூங்கும்போது உன் நெற்றியில் தெரிந்தது.

இரண்டாவது தடவைக்கு எல்லாரும் உனக்கு வாத்தியார் ஆனார்கள். உங்கப்பா பேருந்து ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் "ஆடக்கூடாது, ஆடுனா மறுபடி மறுபடி எடுப்பாங்க" என்று மிரட்டிக்கொண்டே வந்தார். நான் ரிமோட் கார் வாங்கித் தருவதாக ஆசை காட்டினேன். பஷீர் பாய், பிள்ளை சத்தத்துக்குத்தான் பயப்படுகிறான் என்று நினைத்து, காதில் பஞ்சை இன்னும் நன்றாக வைத்து, மேலே ஹெட்போன் மாட்டி, பாட்டும் போட்டார். பாவம், அவரிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் சத்தத்துக்குப் பயந்துதான் அலறியிருக்கின்றன, அவருக்கு வேறென்ன தோன்றும்? நானும் என் பங்குக்கு, ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னாலேயே குனிந்து, "சத்தம் நின்னதும் வாரேன்" என்று மறுபடியும் சொன்னேன். மறுபடியும் கலங்கியது. வெளியே வந்த பஷீர் பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணும் புரியலீங்க அக்கா. சத்தம் ஓடறப்ப செல மாதிரி கெடக்கறான். நின்னு அடுத்தது ஆரம்பிக்கறப்பத்தான் தல எங்கியோ திரும்பியிருக்குது" என்றார்.

திரும்பி வரும்போது அவினாசி ரோட்டில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. உங்கப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் தொடையில் ஒன்று வைத்திருப்பேன். எப்படியோ அடக்கிக்கொண்டு, "ஏங் கண்ணு ஆடுன? அம்மா அத்தன சொன்னேனே" என்று கேட்டேன். அதுவரைக்கும் ஆடாதே என்று ஆயிரம் பேர் சொன்னோமே தவிர, ஏன் ஆடினாய் என்று ஒருத்தரும் உன்னைக் கேட்கவில்லை. நீ என்னை நிமிர்ந்து பார்த்து, அழாமல், ஏதோ பெரிய மனுசன் நியாயம் பேசுவது போலச் சொன்னாய்: "சத்தம் நின்னுதுங்கம்மா. நீங்க வர்லீங்களே. வாரீங்களான்னு பாத்தேன். மறுபடி நின்னுது. அப்பவும் நீங்க வர்லீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மெஷின் ஒரே சத்தமாக ஓடி ஒரே தடவை நிற்கிற சாமான் இல்லை. ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். ஒவ்வொரு தடவை நின்றபோதும், நீ பிறந்ததிலிருந்து நம்பி வந்த பேச்சை நம்பி, தலையைத் தூக்கி என்னைத் தேடியிருக்கிறாய். தேடிக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த படத்தை எடுக்கத் தொடங்கியிருக்கிறது. நீ சொல் பேச்சு கேட்காத பிள்ளை என்று இரண்டு தடவையும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறாய், தங்கமே. பேருந்தில் அத்தனை பேருக்கு நடுவில் உன்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி உன் தலையைத் தடவினார். அப்புறம், "நாளைக்குத் தறிய நிறுத்தி நிறுத்தி ஓட்டறேன். நீ பையனப் பழக்கு" என்றார்.

பஷீர் பாயிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்தே விட்டார். "இது தெரியாம நான் பாட்டுப் போட்டுட்டு இருந்திருக்கறேன் பாருங்க" என்றார். பிள்ளையை வீட்டில் எப்படிப் பழக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டிகளின் இரு பக்கமும் அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, குடோன் சுவரோரம் ஒரு குகை செய்தேன். அதற்குள் பாயை விரித்து உன்னைப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தேன். நிஜ மெஷினிலும் தலைக்கு அப்படி ஒரு கூண்டு உண்டு. கூடை ஓட்டைக்குள்ளிருந்து உன் கண் இரண்டும் உருளுவதைப் பார்த்து உங்கப்பா சிரித்தார், வலிப்பு வந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பழைய பேச்சை நான் மாற்றினேன். "சத்தம் நின்னா நான் வரமாட்டேன் கண்ணு. அங்கயேதான் இருப்பேன், உன்ற கால்மாட்டுல. நின்னதும் உன்ற கால் கட்டவெரலப் புடிப்பேன். வெரல உட்டேன்னா மறுபடி சத்தம் வரும்னு அர்த்தம். பாக்கோணும்னு தலயத் தூக்காத, வெரல்ல தெரிஞ்சுக்க."

உங்கப்பா தறிகளை நிறுத்துவார், ஓட்டுவார், நிறுத்துவார். துணி பூரா பட்டை. வாழ்நாளில் ஒரு பட்டை விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர், அந்த வாரம் பீஸ் பீஸாகப் பட்டை போட்டார். வியாபாரி வந்து துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னுங்க இது, குடிச்சுப்போட்டா ஓட்டுனீங்க?" என்று கேட்டான். "பையன் வெளையாடறானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். முதல் நாள் நீ தறி நின்றதும் கூடையோடு எழுந்து உட்கார்ந்தாய். அப்புறம் தலை மட்டும் ஆடியது. அப்புறம் கண் மட்டும். ஒரு நாள் தறி நின்றது, நான் விரலைப் பிடித்தேன், நீ அசையவே இல்லை. பார்த்தால் தூங்கிவிட்டிருக்கிறாய். தறி நின்றும் நீ தூங்கினது உன் ஆயுசிலேயே அன்றைக்குத்தான். நான் விரலை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த அட்டைக்குகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம்தான், நீ கேட்டால் சொல்லுவேன், உன்னை வளர்த்த காலத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். அத்தனை பயத்துக்கு நடுவிலும்.

மூன்றாவது தடவை என்னையும் உள்ளே விட பஷீர் பாய் சம்மதம் வாங்கி வைத்திருந்தார். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். வளையல், மெட்டி, தோடு எல்லாம் கழற்றினேன். தாலிக்கொடியில் கை நின்றது. உங்கப்பா என் கண் முன்னால் கையை நீட்டினார். "கழட்டிக் குடு. நான் எங்கியும் போகமாட்டேன்" என்றார். தாலிக்குப் பதிலாக அவரே ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிக் கொண்டுவந்திருந்தார், யாரிடம் கேட்டாரோ தெரியவில்லை. நம் பெண்களின் தாலிக்கொடியில் தாலியைவிட ஊக்குத்தான் அதிகம் தொங்கும் அல்லவா, அதை எண்ணி எண்ணி வாங்கினாள் ஒரு நர்ஸ் பெண். அத்தனையும் கழற்றிய பிறகும் முந்தானையில் ஒன்று மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, "அக்கா, மெஷின் இத இழுத்துக்கும்ங்க அக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உங்கப்பா தாலிக்கொடியைச் சட்டைப் பையில் போட்டு, முடிகிற வரைக்கும் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

உள்ளே நான் உன் கால்மாட்டில் நின்றேன். பஷீர் பாய், முக்கியமான படத்தை முதலில் எடுத்துவிடுவோம், பிள்ளை களைத்துப்போவதற்குள் என்றார். சத்தம் வந்தது. நம் தறி மாதிரியெல்லாம் இல்லை. டொக் டொக் என்று ஒன்று, கர்ரென்று ஒன்று, அலாரம் அடிப்பது போல ஒன்று. உங்கப்பா சொல்லுகிற தறிச் சத்தக் கதை எல்லாம் அங்கே ஓடவில்லை. நின்றது. கட்டைவிரலைப் பிடித்தேன். உன் விரல் என் கைக்குள் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது, இருக்கறீங்களா என்று கேட்கிற மாதிரி. தலை அசையவில்லை. விட்டேன். மறுபடி சத்தம். கடைசிவரைக்கும் அப்படியே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பஷீர் பாய் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். டாக்டரம்மா புதுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, ரொம்ப நேரம் பார்த்தார்கள். "அந்த நெழல் இல்லீங்க. அது ஆடுனதுனால வந்ததுதான்" என்றார்கள். வலிப்பு மாத்திரையிலேயே கட்டுப்படும் என்றார்கள், கட்டுப்பட்டது. நீ ஹைஸ்கூல் போவதற்குள் மாத்திரையும் நின்றது. வலிப்பு வந்த பிள்ளை என்று இன்றைக்கு யாரும் உன்னைச் சொல்ல முடியாது.

இப்போது புரிகிறதா, சத்தத்தை ஏன் அனுப்பவில்லை என்று? உன் மகளுக்குத் தறிச் சத்தம் என்ன தெரியும்? லீவுக்கு வந்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறவள். இன்றைக்குக் கண்ணுக்கு முன்னால் சினிமா எல்லாம் போட்டுக் காட்டுகிறார்களாம், மெஷினும் வேகமாம், நல்லதுதான். மயக்க மருந்தும் ஒன்றும் பூதம் இல்லை, அவள் நெஞ்சு நன்றாக இருக்கிறது, டாக்டர் வேண்டும் என்றால் கொடுக்கட்டும், நீ தடுக்காதே. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அதை நீ செய்யவில்லை, உன் பெண்டாட்டியும் செய்யவில்லை. பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அதனால் இன்று காலை என் போனில் நானே அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய், உன் மனைவிதான் போனைக் கொடுத்தாள்.

"ஏங் கண்ணு ஸ்கேன்ல ஆடுன? பயமா இருந்துச்சா?" என்றேன். "இல்ல அப்பத்தா. அது ராக்கெட் மாதிரி இருந்துச்சு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தலைக்கு மேல ஒரு குட்டிக் கண்ணாடி வெச்சிருந்தாங்க அப்பத்தா. அதுல கால் பக்கம் அப்பா தெரிஞ்சாங்க. அப்பா அழுதாங்க. அப்பறம் கண்ணத் தொடச்சுட்டுக் குனிஞ்சுட்டாங்க. இன்னும் அழறாங்களா, நின்னுருச்சான்னு தெரியல. அதான் தூக்கிப் பாத்தேன்" என்றாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்க, பாவம்" என்றும் சொன்னாள். நான் சொல்லுகிறேன். உனக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் மெஷினுக்குப் பயந்து ஆடவில்லை கண்ணு. உன்னைப் பார்க்கத்தான் ஆடினாள்.

அழாதே என்று உனக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? நான் அழாதவளா? மூன்று தடவையும் அழுதேன். அந்த ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிற சந்து ஒன்று இருந்தது. அங்கே போய் நின்று, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம், ஒருத்தருக்கும் கேட்காது. அழுது முடித்து, குழாயில் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன். உனக்கு இன்று வரைக்கும் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. அவருக்கும் ஒரு சந்து இருந்திருக்கும், எனக்குத் தெரியாமல்.

வியாழக்கிழமை வேறு யாரையாவது உள்ளே அனுப்பலாமா என்றும் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்பாதான் வரணும்" என்று ஒரே பிடி. ஆகவே நீதான் போக வேண்டும். உன்னிடம் இருக்கிற பயம் நியாயமானது, அதை முழுங்கச் சொல்லவில்லை. வெளியே வைத்துவிட்டுப் போ. புதன்கிழமை சாயங்காலம் நான் வந்துவிடுவேன், உங்கப்பா டிக்கெட் போட்டுவிட்டார். சாப்பாடு செய்து கொடுக்கவோ பாப்பாவைப் பார்த்துக்கொள்ளவோ வருகிறேன் என்று நினைக்காதே, அதற்கெல்லாம் உன் மனைவி இருக்கிறாள். நீ இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாய், வீட்டில் யார் முன்னாலும் அழ முடியாது. என் முன்னால் அழலாம். புதன்கிழமை ராத்திரிக்குள் அழுது முடி. அதற்குத்தான் வருகிறேன்.

அம்மா